முதல் வலிப்பும் வீட்டு அலமாரியும்

சேவுகம்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முதல் தடவையாகக் கை கால் இழுத்துக்கொண்டால், கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு வத்தலக்குண்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே இழுப்பை நிறுத்த ஊசி போடுவார்கள். உடம்பு கொதித்தால் காய்ச்சல் வலிப்பு என்று சொல்லித் தேற்றுவார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் தானாகவே போய்விடும். காய்ச்சல் இல்லையென்றால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். அங்கே தலைக்கு ஸ்கேன், பிறகு இ.இ.ஜி. இரண்டிலும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் வலிப்பு மருந்து ஒன்றைத் தொடங்கி, விடாமல் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடும். இந்த வரிசையில் விட்டுப்போவது ஒரே ஒரு கேள்விதான்: முந்தைய ஒரு நாளில் இந்தப் பிள்ளையின் வாய்க்குள் என்ன போனது, உடம்பில் என்ன தேய்த்தார்கள்?

மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் பிள்ளைகளின் முதல் வலிப்பு என்றதும் மனம் ஸ்கேனுக்குப் போவதற்கு வலுவான காரணம் உண்டு. நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி உண்டாக்கும் சிறு கட்டி இந்தியாவில் வலிப்புக்கு முக்கியமான காரணம். ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அறுவை இல்லாமலே அதை இனம் காணும் வழிகளை வகுத்தவர்களில் வேலூர் சி.எம்.சி.யின் வேதாந்தம் ராஜசேகர் முதன்மையானவர். அந்த அறிவு எத்தனையோ பிள்ளைகளின் தலையைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. ஆனால் ஸ்கேன் மூளையின் உருவத்தைத்தான் காட்டும். ரத்தத்தில் கலந்து மூளையைத் தொட்டுவிட்டு ஒரே நாளில் வெளியேறிவிடும் நஞ்சை அது காட்டாது.

பெரும்பாலான முதல் வலிப்புகளுக்கு நஞ்சு காரணமல்ல. இருந்தும் நஞ்சால் வருவதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டிய காரணம் இருக்கிறது. அது தடுக்கக்கூடியது. சிலவற்றுக்கு அந்த நேரத்துக்கே உரிய மாற்று மருந்து உண்டு. கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை தேவைப்படாது, ‘வலிப்புக்காரப் பிள்ளை’ என்ற பெயரும் ஒட்டாது.

கற்பூரத்திலிருந்து தொடங்கலாம். சேவுகம்பட்டி, சோலைமலை அழகர் பெருமாளுக்குத் தை மாதத்தில் வாழைப்பழம் சூறை விடும் ஊர். இந்த வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகளில் சாமி படத்துக்குக் கீழே, தவழும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், கற்பூரப் பொட்டலம் ஒன்று இருக்கும். வெள்ளையாக, பளபளப்பாக, கல்கண்டைப் போலவே இருக்கும். குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் ஐந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், பல சமயம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல், வலிப்பு வரலாம். ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே போயிருந்தால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையங்கள் பின்பற்றும் வரம்பு. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 300 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஒரு கிராம் கற்பூரத்தால் சிறு குழந்தைகள் இறந்ததாக மருத்துவ நூல்களில் பதிவு உண்டு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் காவல் காக்க வேண்டும். அப்படிக் காத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. சளி கட்டினால் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அதில் கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது நம் வீடுகளின் பழைய கைவைத்தியம். கைக்குழந்தையின் தோல் மெல்லியது, கற்பூரம் கொழுப்பில் எளிதாகக் கரைவது. எண்ணெயோடு சேர்ந்து உடம்புக்குள் இறங்கிவிடும். இதே போன்ற கற்பூர எண்ணெய் அமெரிக்காவில் கடைகளில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது. குழந்தைகள் பாதிக்கப்படுவது தொடர்ந்ததால் 1980களின் தொடக்கத்தில் அதை விற்பனையிலிருந்து நீக்கினார்கள். மேலே பூசும் மற்ற மருந்துகளிலும் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இரண்டே வாரத்தில் மூன்று சிறு பிள்ளைகள் வலிப்போடு வந்தார்கள். ஹ்னின் கைன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் இதை எழுதினார்கள். அங்குள்ள லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் கரப்பானை விரட்டவும் கெட்ட ஆவி அண்டாமல் இருக்கவும் வீட்டில் வைத்திருந்த கற்பூரம்தான் காரணம். பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனையிலும் விடை கிடைத்தது, வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரோ கேட்டதால்தான்.

சேவுகம்பட்டிக்கு இன்னொரு பொருளும் மிக அருகில் இருக்கிறது. வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறுகிறவர்கள் இறங்கும்போது கையில் தைலப் பாட்டிலோடுதான் வருவார்கள். யூக்கலிப்டஸ் தைலம் என்றாலும் நீலகிரித் தைலம் என்றாலும் ஒன்றுதான். நெற்றியில் தடவலாம், கொதிநீரில் விட்டு ஆவி பிடிக்கலாம். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் கதை வேறு: ஒரு தேக்கரண்டி அளவே, அதாவது ஐந்து மில்லியே, மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரப் போதும். மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் மட்டும் 1981க்கும் 1992க்கும் இடையில் 109 பிள்ளைகள் யூக்கலிப்டஸ் எண்ணெய் குடித்துச் சேர்க்கப்பட்டார்கள். நம் பக்கத்தில் இதை விடாமல் துருவியவர் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூ. அவரது குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் வலிப்போடு வந்த 350 பெரியவர்களைப் பற்றியது. அவர்களில் 55 பேர் வலிப்புக்கு முன்பு கற்பூரமோ யூக்கலிப்டஸோ கலந்த தைலம், களிம்பு போன்றவற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த 55 பேரில் 22 பேருக்கு அதற்குமுன் வலிப்பு என்பதே இருந்ததில்லை. பெரியவர்களுக்கே இது நேர்கிறது என்றால் பத்துக் கிலோ உடம்புக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். இந்த ஆய்வை நான் மதிப்பதற்கு முக்கியமான காரணம் அதன் முறை. புதிய கருவி எதையும் அந்தக் குழு கொண்டுவரவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் என்ன தடவினீர்கள், என்ன முகர்ந்தீர்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

வேப்பெண்ணெயின் கதை இன்னும் நெருக்கமானது, தமிழர்கள் போன இடமெல்லாம் கூடவே போனது. மலேசியாவில் இந்தியக் குடும்பங்களின் கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், மேல்மூச்சு, அடுத்தடுத்த வலிப்பு என்று வருவதைச் சின்னையா, பாஸ்கரன் என்ற மருத்துவர்கள் கவனித்தார்கள். சளிக்கும் வேறு சில்லறை உபாதைகளுக்கும் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 1981இல் இது ‘லான்செட்’ இதழில் வந்தது. அதே காலத்தில் சென்னையிலும் சுந்தரவல்லியும் சக மருத்துவர்களும் இதே நோயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 12 பிள்ளைகளின் விவரத்தை 1982இல் அவர்கள் வெளியிட்டார்கள். புகட்டிய அளவு பெரிதில்லை, சிலருக்கு ஐந்து மில்லி. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, வெள்ளணுக்கள் கூடியிருந்தன. இரண்டையும் பார்க்கும் மருத்துவர் கிருமித்தொற்று, மூளைக்காய்ச்சல் என்றே எண்ணுவார். மூளை வீக்கத்தோடு ஈரலில் கொழுப்பு படியும் ‘ரை’ நோய்க்கூறை அப்படியே ஒத்திருந்தது. எண்ணெய் புகட்டியதைத் தாய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கேஸ் ஷீட்டில் ‘வைரஸ்’ என்றுதான் இருந்திருக்கும். நாற்பது ஆண்டு கழிந்த பிறகும் பூச்சி விழ வேப்பெண்ணெய் கொடுக்கும் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. வேப்பம்பூ ரசத்துக்கும் வேப்பங்கொழுந்துக்கும் உள்ள நல்ல பெயரை விதையில் எடுத்த எண்ணெய்க்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

கைவைத்தியத்தை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமில்லை. இன்றைய கிராம வீட்டின் அலமாரியில் அதைவிட ஆபத்தானவை இருக்கின்றன, அவை வீடு தேடியே வருகின்றன. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை முதியவர்களின் வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற வகை ஒன்றே ஒன்று பேரப்பிள்ளையின் வாய்க்குள் போனால் ரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். காலையில் விழுங்கிய மாத்திரை இரவுத் தூக்கத்தில் வேலையைக் காட்டும்போது இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? வீட்டில் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதிலுள்ள ஐசோநியாசிட் இன்னொரு ஆபத்து. அதனால் வரும் வலிப்பு வழக்கமான ஊசிகளுக்கு அடங்காது, வைட்டமின் பி6 அதிக அளவில் கொடுத்தால்தான் நிற்கும். விலை மலிந்த ஒரு வைட்டமின் அது. கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் கொடுத்திருக்கலாம் என்ற நிலை வரக் கூடாது.

பிறகு தோட்டம். மருதாநதிப் பாசனத்தில் நெல், தென்னை, வாழை, கிழக்கே நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை. பூச்சிமருந்தில்லாமல் மல்லிகை மார்க்கெட்டுக்குப் போவது அரிது. அடித்தது போக மீதியைச் சின்னக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றித் திண்ணை மாடத்தில் வைப்பதும், பேன் ஒழிய அதையே பிள்ளையின் தலையில் தேய்ப்பதும் இந்தியக் கிராமங்களில் நடப்பவை. பாஸ்பரஸ் வகை மருந்தென்றால் கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, வேர்த்துக் கொட்டும், பழகிய கண் கண்டுபிடித்துவிடும். பைரித்ராய்டு வகையும் பிப்ரோனில் போன்றவையும் வேறு வழியில் நரம்பைத் தாக்குபவை. அவற்றில் இந்த அடையாளங்களை எதிர்பார்க்க முடியாது, வலிப்பே முதல் அறிகுறியாக வரலாம்.

சரி, சோதனை செய்தால் தெரியாதா? முதல் வலிப்பு வந்த பிள்ளையை எப்படி ஆராய்வது என்று அமெரிக்க நரம்பியல் சங்கம் 2000இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தலைமை எழுதியவர் டெபோரா ஹிர்ட்ஸ். காய்ச்சலற்ற முதல் வலிப்பில் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லும் அந்த ஆவணம், நச்சுச் சோதனையை எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. மருந்தோ போதைப்பொருளோ உட்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் எந்த வயதுப் பிள்ளைக்கும் செய்வதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நிதானமான நிலைதான். ஆனால் அந்த ஐயம் எங்கிருந்து வரும்? விசாரிப்பதிலிருந்துதான் வரும். விசாரிக்காத இடத்தில் ஐயமும் இல்லை, சோதனையும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், ‘நச்சுச் சோதனை’ என்று ஆய்வகத்தில் கிடைப்பது எதைத் தேடுகிறது என்பது. சிறுநீரில் பார்க்கும் பட்டைச் சோதனை கஞ்சா, கொக்கைன், அபின் வகை, ஆம்பெட்டமின், சில தூக்க மருந்துகள் என்று மேலைநாட்டு நகரத்தின் கவலைகளை வரிசையாகத் தேடும். கற்பூரத்தைத் தேடாது. வேப்பெண்ணெய், யூக்கலிப்டஸ், ஐசோநியாசிட், சர்க்கரை மாத்திரை, பூச்சிமருந்து எதையும் தேடாது. இன்று நம் சிறு நகரங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களிடம் வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தும் பழக்கம் பரவுகிறது. அவற்றில் டிரமடால் வலிப்பை உண்டாக்கும் மருந்து, 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதைக்கூட வழக்கமான அபின் பட்டை காட்டாது. அப்படியிருக்க ‘சோதனையில் ஒன்றுமில்லை’ என்று எழுதித் தருவது, தேடாததை இல்லை என்று சொல்வதாகிவிடுகிறது. கற்பூரத்தை ரத்தத்தில் காட்டும் கருவிகள் உண்டு. பெரிய ஆய்வகங்களில் இருப்பவை அவை, விடை வருவதற்குள் பிள்ளை வீடு திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் மருத்துவரிடமிருக்கும் நம்பகமான சோதனை மூக்குதான். கற்பூரம் தின்ற பிள்ளையின் மூச்சிலும் வாந்தியிலும் அதன் நெடி தெரியும்.

கேள்வியின் வலிமைக்கு இந்தியாவில் நிகழ்ந்த பெரிய எடுத்துக்காட்டு பீகாரின் முசாபர்பூர். லிச்சிப் பழக் காலத்தில், விடியற்காலையில், நேற்று வரை ஓடி விளையாடிய ஏழைப் பிள்ளைகள் வலிப்போடு நினைவிழந்தார்கள். 1995 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் இது நடந்தது. மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்து, வைரஸைத் தேடி, கொசுவைக் குற்றம் சாட்டினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற டி. ஜேக்கப் ஜான் வேறு பக்கம் திரும்பினார். அவருக்கு இதில் முன்னனுபவம் இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோரில் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, மூளைக்காய்ச்சல் என்று நம்பப்பட்டது உண்மையில் பேயாவரைக் காயைப் பிள்ளைகள் தின்றதால் வந்த நஞ்சு என்று தெரிந்தது. நம் ஊர்ச் சாலையோரங்களிலும் முளைத்துக் கிடக்கும் செடி அது. முசாபர்பூரில் ஜேக்கப் ஜானும் முகுல் தாஸும் லிச்சி வகைப் பழத்தில் சர்க்கரை உற்பத்தியை முடக்கும் வேதிப்பொருள் இருக்கிறது என்று முன்வைத்தார்கள். பிறகு தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. 2014 மே 26 முதல் ஜூலை 17 வரை இரண்டு மருத்துவமனைகளில் 390 பிள்ளைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள், 122 பேர் இறந்தார்கள். சர்க்கரை பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது விழுந்திருந்தது. லிச்சி தின்றிருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல், தின்றுவிட்டு இரவுச் சோறு சாப்பிடாமல் படுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். சிறுநீரில் நஞ்சின் எச்சத்தையும் கண்டார்கள். ஆனால் என்ன தேடுவது என்று வேதியியலுக்கு வழிகாட்டியது, பகலில் எங்கே போனான், என்ன தின்றான், ராத்திரி சாப்பிட்டானா என்ற கேள்விகள். பழத்தோடு பசியும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது. இத்தனை தெரிந்த பிறகும் 2019இல் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

கேள்விக்கு முன்பே கருவி போனால் என்னாகும் என்பதற்கு ஆந்திரத்தின் ஏலூரு. 2020 டிசம்பர் 5 முதல் சில நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், பிள்ளைகளும் பெரியவர்களுமாக, திடீர் வலிப்பும் மயக்கமுமாக வந்தார்கள். டெல்லி எய்ம்ஸ் ஆய்வகம் ரத்தத்தில் ஈயமும் நிக்கலும் இருப்பதாகச் சொன்னது. பிறகு நிபுணர் குழுவின் கண் பூச்சிமருந்து எச்சத்தின் மேல் திரும்பியது. இந்திய நகரவாசியின் ரத்தத்தில் ஈயம் இருப்பது புதிதல்ல. கண்டெடுத்தது காரணமாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை, எப்போதும் உடம்பில் இருந்ததாகவும் இருக்கலாம்.

சோதனைக்குப் பிள்ளையின் ரத்தத்தைவிடப் பாட்டிலே சில நேரம் மேல். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்து 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அது வலிப்பு நோயல்ல, வேறு நஞ்சு. இருந்தாலும் இங்கே பொருந்துகிற ஒன்று அதில் உண்டு: பாட்டில் கையில் இருந்தால் விடை விரைவாக வருகிறது. வலிப்போடு பிள்ளையைத் தூக்கி ஓடுகிறவர்களிடம், பக்கத்தில் கிடந்த பாட்டில், பொட்டலம், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லிக் கொடுப்பது, எந்த ஆய்வகத்தைக் கட்டுவதைவிடவும் மலிவானது.

ஆனால் எடுத்து வருவார்களா? இங்கேதான் விஷயம் மருத்துவத்தைத் தாண்டுகிறது. நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்றால் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போட வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். போலீஸ் கேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தின் வாய் அடைத்துவிடும். அதற்கும் முன்பே வீட்டுக்குள் ஒரு வழக்கு நடந்து முடிந்திருக்கும். தேய்த்தது மாமியார் என்றால் மருமகள் அவர் முன்னால் சொல்ல மாட்டாள். மாத்திரையைக் கீழே போட்டது தான் என்றால் அப்பத்தா சொல்ல மாட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்ற பழி கடைசியில் தாயின் தலையில்தான் விழும் என்பது அவளுக்குத் தெரியும். ‘என்னத்தைக் கொடுத்தே?’ என்று அதட்டிக் கேட்டால் ‘ஒண்ணும் கொடுக்கலை’ என்ற பதில்தான் வரும். கேட்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, ‘சளிக்கு எல்லாரும் தைலம் தேய்ப்போம்லம்மா, நீங்க என்ன தேய்ச்சீங்க?’ என்று கேட்டால் பதில் வரக்கூடும். நஞ்சியலில் இதையும் ஒரு சோதனையாகவே நான் கருதுகிறேன். மற்றச் சோதனைகளைப் போல இதற்கும் பயிற்சி வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு இது டாக்டர்களைவிட நன்றாக வரும், வீடு அவர்களுக்குத் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே செய்ய முடிகிறவை உண்டு. வலிப்போடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரல்நுனியில் சர்க்கரை பார்ப்பது முதலாவது. குளுக்கோமீட்டர் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. குறைந்திருந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றலாம். ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தையும், முதலில் வரும் சிறுநீரையும் பெயரும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், பிறகு யாருக்காவது ஐயம் வரும்போது தேட ஏதாவது இருக்கும். இரண்டாவது நாள் எடுத்த ரத்தத்தில் பல நஞ்சுகள் இருந்த தடமே இருக்காது. பாஸ்பரஸ் மருந்து என்ற சந்தேகம் இருந்தால் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கலாம், பெரிய மருத்துவமனைகளில் வசதி உண்டு. டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் மருத்துவரும் கூப்பிடலாம், பெற்றோரும் கூப்பிடலாம்.

இவற்றோடு கேஸ் ஷீட்டில் அச்சடித்த ஒரு வரி வேண்டும்: கற்பூரம், தைலம், வேப்பெண்ணெய், நாட்டு மருந்து, வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை, பூச்சிமருந்து, பேன் மருந்து, காட்டில் தின்ற காய் கனி, முந்தைய இரவுச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ‘கேட்டேன்’ என்று ஒரு டிக். பெங்களூருக் குழு பெரியவர்களிடம் கேட்டதும் நமக்கு ஓர் எண்ணிக்கை கிடைத்தது. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கு மலையடிவாரத்திலிருந்தும் மல்லிகைத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் வலிப்போடு வரும் பிள்ளைகள் எல்லோரிடமும் அங்கே ஓராண்டு இந்த வரியைக் கேட்டு எழுதி வைத்தால், வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வலிப்பு மாத்திரையே வேண்டியதில்லை என்பது தெரிந்துவிடும்.